அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிக்கான டி.ஏ.டி. தேர்வு: பதிவு முதல் தேர்வறை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பும் இளநிலை மாணவர் எழுத வேண்டிய நுழைவுத் தேர்வை டி.ஏ.டி. (டென்டல் அட்மிஷன் டெஸ்ட்) என்ற சுருக்கப் பெயரால் அனைவரும் அழைக்கிறார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1950-ஆம் ஆண்டு முதல் இதை நாடு முழுவதும் நடத்தி வருகிறது. இன்று இது முழுக்கக் கணினியில், புரோமெட்ரிக் நிறுவனத்தின் தேர்வு மையங்களில் நடைபெறுகிறது. இத்தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களோடு அமர்ந்து மாதிரித் தாள்களைத் திருத்தியபோது ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் கண்டேன். உயிரியலும் வேதியியலும் நன்றாகத் தெரிந்த மாணவர்கள், தேர்வு கேட்கும் வேகத்துக்கும் வடிவத்துக்கும் பழகாததால் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அதிலும் கண்ணுக்குப் பயிற்சி தேவைப்படும் பார்வைத்திறன் பகுதியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பதே மிகப் பெரிய இழப்பாகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு வேண்டும். இந்தியாவில் பி.டி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்காவில் தொழில் செய்ய விரும்பும் பல் மருத்துவர்களின் வழி வேறு. அவர்கள் பெரும்பாலும் ஐ.என்.பி.டி.இ. என்ற உரிமத் தேர்வை எழுதி, வெளிநாட்டில் பயின்ற மருத்துவர்களுக்கான தனிச் சேர்க்கை வழியாக விண்ணப்பிக்கிறார்கள். கனடாவில் கனடியப் பல் மருத்துவச் சங்கம் தனியாக ஒரு தேர்வை நடத்துகிறது. அதில் கரிம வேதியியலும் கணிதமும் கிடையாது. இங்கே சொல்லப்போவது அமெரிக்கத் தேர்வைப் பற்றி மட்டுமே.

தேர்வின் அமைப்பு

தேர்வு நான்கு பகுதிகளைக் கொண்டது. முதலில் இயற்கை அறிவியல்: உயிரியலில் 40, பொது வேதியியலில் 30, கரிம வேதியியலில் 30 என 100 கேள்விகள், அவற்றுக்கு மொத்தம் 90 நிமிடங்கள். இந்த மூன்று பாடங்களுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள்; உயிரியலில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் வேதியியலுக்குப் போய்ச் சேரும். அடுத்தது பெர்செப்ச்சுவல் எபிலிட்டி எனப்படும் பார்வைத்திறன் பகுதி: 90 கேள்விகள், 60 நிமிடங்கள். அதன் பிறகு விரும்பினால் எடுத்துக்கொள்ளக்கூடிய 30 நிமிட இடைவேளை வருகிறது. மூன்றாவதாக வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் 3 கட்டுரைகளும் 50 கேள்விகளும் உண்டு. நேரம் 60 நிமிடங்கள். கடைசியாக வருவது கணிதப் பகுதி. அதில் 40 கேள்விகளுக்கு 45 நிமிடங்கள் தரப்படுகின்றன. தொடக்க விளக்கமும் இறுதிக் கருத்துக் கணிப்பும் சேர்ந்தால் தேர்வறையில் 5 மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டியிருக்கும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எந்தக் கேள்வியையும் வெற்றாக விடக்கூடாது. ஒரு பகுதிக்குள் கேள்விகளைக் குறியிட்டு வைத்துவிட்டுத் திரும்பி வரலாம். பகுதி முடிந்த பின் அதற்குள் மீண்டும் நுழைய முடியாது. கணிதப் பகுதியில் மட்டும் திரையில் ஒரு எளிய கால்குலேட்டர் கிடைக்கும். வேதியியலில் தனிம வரிசை அட்டவணை தரப்படும், ஆனால் கால்குலேட்டர் தரப்படாது. இந்த ஒரு விதி வேதியியல் படிக்கும் முறையையே மாற்றுகிறது. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

2025-ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் மதிப்பெண் 200 முதல் 600 வரையிலான அளவில், 10 புள்ளி இடைவெளியில் தரப்படுகிறது. அதற்கு முன் 1 முதல் 30 வரையிலான அளவு இருந்தது. மூத்த மாணவர்கள் "20 வாங்கினேன், 22 வாங்கினேன்" என்று சொல்வது பழைய கணக்கு; அதைப் புதிய அளவோடு ஒப்பிட அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணையைப் பயன்படுத்துங்கள், சொந்தமாகக் கணக்குப் போட்டு மாற்ற முயல வேண்டாம். பார்வைத்திறன் மதிப்பெண், மற்றப் பாடங்களின் மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடப்படும் கல்விச் சராசரியில் சேர்க்கப்படாமல் தனியாகக் காட்டப்படும். இதைக் கேட்டவுடன் சிலர் அந்தப் பகுதி முக்கியமற்றது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சேர்க்கைக் குழுவினரின் கண்ணில் அது தனி எண்ணாக நிற்பதால், அங்குள்ள பலவீனத்தை மற்றப் பாடங்களின் சராசரியால் மறைக்க முடியாது என்பதே உண்மை நிலை.

பதிவும் பெயரும்

முதல் வேலை டென்ட்பின் என்ற அடையாள எண்ணைப் பெறுவது. இதே எண் பின்னர் கல்லூரி விண்ணப்பத்துக்கும் தேவைப்படும் என்பதால் பத்திரமாகக் குறித்து வையுங்கள். அடுத்து தேர்வுக்கு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின் ஆறு மாதத் தகுதிக்காலம் கிடைக்கும். அதற்குள் புரோமெட்ரிக் தளத்தில் நாளும் மையமும் தேர்ந்தெடுத்துத் தேர்வை எழுதி முடிக்க வேண்டும். மையங்கள் அமெரிக்காவிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் கனடாவிலும்தான் உள்ளன. ஆகவே விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும் போது அங்கேயே எழுதிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். மதிப்பெண்ணைப் பெற வேண்டிய கல்லூரிகளை விண்ணப்பத்தின் போதே தேர்ந்தெடுத்துவிட்டால் கூடுதல் கட்டணம் இல்லை, பின்னர் சேர்த்தால் உண்டு. எனவே உறுதியில்லாத கல்லூரியையும் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். உடல்நிலை அல்லது கற்றல் குறைபாடு காரணமாகக் கூடுதல் நேரம் போன்ற சலுகை தேவைப்படுவோர், அதற்கான அனுமதி கிடைத்த பிறகே தேர்வு நாளைப் பதிவு செய்ய வேண்டும்.

தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் தேர்வு நாளில் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும், இன்னொன்றில் தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். கடவுச்சீட்டில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தந்தை பெயர் ஏறியிருக்கும். பல்கலைக்கழகப் பதிவில் இரண்டும் இடம் மாறியிருக்கும். விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே, தேர்வு மையத்தில் காட்டப்போகும் ஆவணம் எது என்று முடிவு செய்து, அதை மேசையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அதே வரிசையில் பெயரை நிரப்புங்கள். பொருந்தாத பெயரோடு மையத்துக்குப் போனால் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் திரும்பாது. திருத்தம் தேவைப்பட்டால் பதிவு செய்தவுடனே கேட்டுப் பெறுவது எளிது.

எப்போது எழுதுவது

பெரும்பாலான கல்லூரிகளுக்கு விண்ணப்பம் ஆட்சாஸ் என்ற பொது முறை வழியாகப் போகிறது. டெக்சாஸ் மாநிலத்துக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்ப முறை உண்டு. ஆட்சாஸ் மே மாதத்தில் திறக்கப்பட்டு, ஜூன் தொடக்கத்திலிருந்து விண்ணப்பங்களை ஏற்கிறது. பல கல்லூரிகள் விண்ணப்பங்கள் வரவரப் பரிசீலித்து நேர்காணலுக்கு அழைப்பதால், கடைசி நாள் வரை காத்திருப்பவருக்கு இடங்கள் குறைந்துவிடுகின்றன. மதிப்பெண் கல்லூரிகளுக்குப் போய்ச் சேரச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், ஒருவேளை மறுபடி எழுத நேர்ந்தால் 60 நாள் இடைவெளி விட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், விண்ணப்பிக்கும் ஆண்டின் வசந்த காலத்தில், அதாவது மே மாதத்துக்குள், முதல் முயற்சியை முடித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

கரிம வேதியியலின் இரண்டு பருவங்களையும் முடிக்காமல் தேர்வுக்கு உட்கார வேண்டாம். இயற்பியல் இந்தத் தேர்வில் இல்லை. கல்லூரிகள் சேர்க்கைக்கு அதைக் கேட்டாலும் தயாரிப்புக் காலத்தில் அதற்கு நேரம் செலவிடத் தேவையில்லை.

வேறு வகுப்புகள் இல்லாத விடுமுறைக் காலமாக இருந்தால், நாளொன்றுக்கு 5 மணி நேரம் வீதம் 10 முதல் 12 வாரங்கள் போதும். பருவ வகுப்புகளோடு சேர்த்துப் படிப்பதாக இருந்தால் 5 மாதங்கள் ஒதுக்குங்கள். அதைவிட நீண்டால் முதலில் படித்தது மங்கத் தொடங்கிவிடும்.

முதல் வாரம்: ஒரு முழு மாதிரித் தேர்வு

எதையும் படிக்காமல் முதல் மாதிரித் தேர்வை எழுதுவது மனத்தைச் சோர்வடையச் செய்யும் என்று பலர் தவிர்க்கிறார்கள். அந்தச் சோர்வு இரண்டு நாளில் போய்விடும், ஆனால் அந்தத் தேர்விலிருந்து கிடைக்கும் தகவல் மூன்று மாதத்துக்கும் உதவும். கடிகாரத்தை வைத்து, கைப்பேசியை வேறு அறையில் விட்டு, நான்கு பகுதிகளையும் ஒரே அமர்வில் எழுதுங்கள். முடித்த பின் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட, தவறிய ஒவ்வொரு கேள்வியையும் மூன்றில் ஒரு வகையில் சேர்ப்பது முக்கியம்: பாடமே தெரியவில்லை, தெரிந்தும் தவறாகச் செய்தேன், நேரம் கிடைக்கவில்லை. முதல் வகைக்குப் புத்தகம் மருந்து, இரண்டாவதற்குப் பயிற்சிக் கேள்விகள், மூன்றாவதற்கு நேரக் கட்டுப்பாட்டுடன் கூடிய சிறு தேர்வுகள். மூன்றுக்கும் ஒரே மருந்தாகப் பாடப்புத்தகத்தையே மீண்டும் மீண்டும் வாசிப்பதால்தான் பலரின் மதிப்பெண் ஓரிடத்திலேயே நின்றுவிடுகிறது.

இந்த வகைப்படுத்தலுக்கென ஒரு நோட்டுப்புத்தகம் வையுங்கள். கேள்வியை முழுவதும் எழுத வேண்டாம். "அமினோ அமிலத்தின் மின்சுமையை எந்தப் பி.எச். அளவில் கேட்டார்கள் என்று பார்க்கவில்லை" என்பது போல, அந்த நேரத்தில் மனம் எங்கே வழுக்கியது என்பதை ஒரே வரியில் எழுதினால் போதும்.

பார்வைத்திறன் பகுதி: முதல் நாளிலிருந்து தினமும்

பல் மருத்துவர் வாய்க்குள் கண்ணாடியில் திசை மாறித் தெரியும் உருவத்தைப் பார்த்து வேலை செய்கிறார். எக்ஸ்ரேயின் தட்டையான நிழலிலிருந்து பல்லின் முப்பரிமாண வடிவத்தை மனத்தில் கட்டுகிறார். முற்காலத்தில் இந்தத் தேர்வில் சுண்ணக்கட்டியைக் கத்தியால் செதுக்கிக் காட்டும் பகுதி இருந்தது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதே இன்றைய பார்வைத்திறன் பகுதி. இது பிறவித் திறமை, வந்தால் வரும் வராவிட்டால் வராது என்று எண்ணுவது தவறு. நீச்சலைப் போல இதுவும் செய்யச் செய்ய வருவது, ஆனால் ஒரே வாரத்தில் திணித்துப் பெற முடியாதது. நாளுக்கு 30 நிமிடம், ஒருநாள் கூட விடாமல் என்பதே என் அறிவுரை. 90 கேள்விகளுக்கு 60 நிமிடம் என்றால் கேள்விக்குச் சராசரியாக 40 விநாடிகள். ஆறு வகைகள், வகைக்கு 15 கேள்விகள்.

முதல் வகையை மாணவர்கள் கீஹோல் என்பார்கள். ஒரு திண்ம உருவம் காட்டப்படும். ஐந்து துளைகளில் எது வழியாக அது நுழையும் என்று சொல்ல வேண்டும். உருவத்தை நுழைப்பதற்கு முன் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், நுழையத் தொடங்கிய பின் திருப்பக்கூடாது. துளை, உருவத்தின் வெளிக்கோட்டோடு மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். பெரிய துளையில் சின்ன உருவம் போகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. உருவத்தை மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று திசைகளில் மட்டும் பார்த்து, ஒவ்வொரு திசையிலும் தெரியும் வெளிக்கோடு எப்படியிருக்கும் என்று கற்பனை செய்யுங்கள். பிறகு விடைகளுக்குப் போய், அந்த மூன்றோடும் சேராதவற்றை நீக்குங்கள். மிஞ்சும் இரண்டில் வித்தியாசம் பெரும்பாலும் அளவு விகிதத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, மேல் தோற்றம், முன் தோற்றம், பக்கத் தோற்றம் ஆகியவற்றில் இரண்டைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்பது. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு முழுக்கோடாகவும், மறைந்திருக்கும் விளிம்பு புள்ளிக்கோடாகவும் வரையப்பட்டிருக்கும். இங்கே முழு உருவத்தையும் மனத்தில் கட்ட முயன்று தவிப்பதைவிடக் கோடுகளை எண்ணுவது விரைவானது. முன் தோற்றமும் பக்கத் தோற்றமும் ஒரே உயரத்தைப் பகிர்கின்றன. மேல் தோற்றமும் முன் தோற்றமும் ஒரே அகலத்தைப் பகிர்கின்றன. ஆகவே முன் தோற்றத்தில் எந்த உயரத்தில் ஒரு கோடு இருக்கிறதோ, அதே உயரத்தில் பக்கத் தோற்றத்திலும் ஒரு கோடு, முழுதாகவோ புள்ளியாகவோ, அல்லது ஒரு முனையாவது இருந்தாக வேண்டும். இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் இரண்டு விடைகளை நீக்கிவிடும்.

மூன்றாவது, நான்கு கோணங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவது. நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் நேரம் கரைந்துவிடும். முதலில் மிகச் சிறியதை மட்டும் கண்டுபிடியுங்கள், அதை முதலாவதாகக் கொள்ளாத விடைகளை நீக்குங்கள். பிறகு மிகப் பெரியதை மட்டும் பாருங்கள். பல கேள்விகளில் அதற்குள் விடை தெரிந்துவிடும். கோணத்தின் கரங்கள் நீளமாகவோ குட்டையாகவோ இருப்பது கண்ணை ஏமாற்றுவதற்காகவே. கோணத்தின் முனைக்கு மிக அருகிலுள்ள பகுதியை மட்டும் பாருங்கள். விரலையோ பேனாவையோ திரையில் வைத்து அளப்பதற்கு அனுமதி இல்லை. ஒரு கோணத்தில் 30 விநாடிக்கு மேல் உற்றுப் பார்ப்பதால் கண் மேலும் குழம்புமே தவிரத் தெளியாது. முதலில் தோன்றிய விடையைக் குறித்துவிட்டு நகருங்கள்.

நான்காவது ஹோல் பஞ்சிங். ஒரு சதுரத் தாள் ஒருமுறை முதல் மூன்று முறை வரை மடிக்கப்பட்டுத் துளையிடப்படுகிறது. விரித்தால் துளைகள் எங்கே இருக்கும் என்பது கேள்வி. தரப்படும் எழுதுபலகையில் நான்குக்கு நான்கு கட்டம் வரைந்துகொண்டு, மடிப்புகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கி விரித்து வாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: தாளின் இடப்பாதியை வலப்பாதி மீது மடித்து, பின் கீழ்ப்பாதியை மேற்பாதி மீது மடித்தால், வலப்பக்க மேல் கால்பகுதியில் நான்கு அடுக்குகள் இருக்கும். அதன் வெளி மூலையில் துளையிட்டால் விரித்த தாளின் நான்கு மூலைகளிலும் துளைகள் வரும். அதே கால்பகுதியின் உள் மூலையில் துளையிட்டால் நான்கு துளைகளும் தாளின் நடுவில் நெருங்கி நிற்கும். சில மடிப்புகளில் துளை விழும் இடத்தில் ஓர் அடுக்கு மட்டுமே இருக்கும், அங்கே துளை இரட்டிக்காது. தொடக்கத்தில் உண்மையான தாளை மடித்துத் துளையிட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில் தாள் தேவைப்படாது.

ஐந்தாவது, கனசதுரங்களை எண்ணுவது. ஒட்டி அடுக்கப்பட்ட கனசதுரங்களுக்கு, தரையில் படும் அடிப்பக்கம் தவிர வெளியே தெரியும் எல்லாப் பக்கங்களிலும் வண்ணம் பூசப்பட்டதாகக் கொள்ள வேண்டும். எத்தனை கனசதுரங்களுக்கு இரண்டு பக்கம் மட்டும் வண்ணம் உண்டு என்பது போன்ற கேள்விகள் வரும். ஒரே அடுக்கில் மூன்றுக்கு மூன்றாக 9 கனசதுரங்களும், நடுவில் உள்ளதன் மேல் இன்னொன்றும் இருப்பதாக வையுங்கள். மேலே நிற்பதற்கு 5 பக்கமும், நான்கு மூலைகளில் உள்ளவற்றுக்கு 3 பக்கமும், விளிம்பின் நடுவில் உள்ள நான்குக்கு 2 பக்கமும் வண்ணம்; மேலே உள்ளதால் மூடப்பட்ட நடுக் கனசதுரத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லை. 0 முதல் 5 வரை ஒரு பட்டியல் போட்டு எண்ணிக்கையை நிரப்பி, கூட்டினால் மொத்தம் 10 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மறைந்திருக்கும் ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஒரே படத்துக்கு அடுத்தடுத்துப் பல கேள்விகள் வருவதால், ஒருமுறை போட்ட பட்டியல் எல்லாவற்றுக்கும் பயன்படும். கவனமாக இருந்தால் 15-க்கு 15 எடுக்கக்கூடிய வகை இது.

ஆறாவது, தட்டையான வரைபடத்தை மடித்தால் எந்த முப்பரிமாண உருவம் கிடைக்கும் என்று சொல்வது. மற்றவற்றிலிருந்து வேறுபடும் ஒரு முகத்தை, நிழலிட்டதோ கோணலானதோ, தேர்ந்தெடுத்து, அதன் அண்டை முகங்கள் எவை, எந்தப் பக்கத்தில் என்று மட்டும் பின்தொடருங்கள்.

தேர்வறையில் இந்த வகைகளை அவை வரும் வரிசையிலேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் இரண்டு வகைகளும் நேரத்தை விழுங்குபவை என்பதால், கோணங்களுக்குத் தாவி அங்கிருந்து முடிவு வரை செய்துவிட்டு, மீதி நேரத்தை முதல் 30 கேள்விகளுக்குச் செலவிடுவது பலருக்கு உதவியிருக்கிறது. நீங்கள் எந்த வரிசையைத் தேர்ந்தாலும், அதை மாதிரித் தேர்வுகளிலேயே பழகிவிட வேண்டும். தேர்வு நாளில் புதிதாக முயலக்கூடாது.

இயற்கை அறிவியல்

உயிரியலில் ஆழத்தைவிட அகலம் கேட்கப்படுகிறது. செல் மற்றும் மூலக்கூறு உயிரியல், உயிரினங்களின் பன்மை, உடல் உறுப்பு மண்டலங்கள், மரபியல், பரிணாமமும் சூழலியலும் என ஐந்து பெரும் பிரிவுகளிலிருந்து 40 கேள்விகள் வருகின்றன. கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்த செல் சுவாசத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வரலாம். ஒரு பக்கம் மட்டும் படித்த பூஞ்சைகளிலிருந்தும் ஒன்று வரலாம். ஆகவே பிடித்த அத்தியாயத்தில் தங்கிவிடாமல் எல்லாவற்றையும் மூன்று சுற்றுகள் கடந்து செல்வதுபோல் திட்டமிடுங்கள். ஹார்மோன்கள், கருவியல் அடுக்குகள், தாவரப் பகுதிகள் போன்ற மனப்பாடப் பகுதிகளுக்குச் சிறு அட்டைகள் செய்து, இடைவெளி விட்டுத் திரும்பப் பாருங்கள்.

பொது வேதியியலில் கால்குலேட்டர் இல்லை என்று முன்பே சொன்னேன். கேள்வி எழுதுவோருக்கும் அது தெரியும் என்பதால் எண்கள் தோராயமாகக் கணக்கிடும்படியே அமைந்திருக்கும். 2-இன் மடக்கை 0.3, 3-இன் மடக்கை ஏறக்குறைய 0.48 என்ற இரண்டையும் நினைவில் வைத்தால் பி.எச். கணக்குகள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 0.00002 என்றால் பி.எச். 5-இலிருந்து 0.3 குறைந்து 4.7. மோல் கணக்கு, வாயு விதிகள், சமநிலை, ஆக்சிஜனேற்றம், அணுக்கரு வினை, ஆய்வகக் கருவிகள் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே கையால் போட்டுப் பழகுங்கள். வீட்டில் கால்குலேட்டரைத் தொட்டுப் பழகியவர் தேர்வில் ஒரு வகுத்தலுக்கே ஒரு நிமிடத்தைக் கொடுத்துவிடுவார்.

கரிம வேதியியலில் வினைகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்பவர் ஒரு கட்டத்துக்குமேல் தாக்குப்பிடிக்க மாட்டார். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்ற கேள்வியை ஒவ்வொரு வினையிலும் கேட்டுப் பழகுங்கள். புரொப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் 2-புரோமோபுரொப்பேன் கிடைக்கிறது; பெராக்சைடு உடனிருந்தால் 1-புரோமோபுரொப்பேன். முதல் வினையில் நிலைத்தன்மை மிக்க கார்பன் நேர்அயனி உருவாகிறது, இரண்டாவதில் தனி உறுப்பு வழி நடக்கிறது என்ற காரணம் தெரிந்தவருக்கு இதுபோன்ற பல வினைகள் ஒரே கதையின் பகுதிகளாகத் தோன்றும். பதிலீட்டு வினையா நீக்க வினையா என்று முடிவு செய்ய, கார்பன் எவ்வகை, தாக்கும் பொருள் எவ்வளவு வலிமையான காரம், கரைப்பான் எது என்ற மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். இவற்றோடு முப்பரிமாண அமைப்பு, பென்சீன் வளையத்தில் எந்தத் தொகுதி எங்கே வழிகாட்டும் என்பது, அமில வலிமையை ஒப்பிடுவது ஆகியவை அடிக்கடி வருபவை.

வாசிப்பும் கணிதமும்

வாசிப்புப் பகுதியில் அறிவியல் சார்ந்த மூன்று நீண்ட கட்டுரைகள் வரும். கட்டுரைக்கு 20 நிமிடம். அந்தப் பொருளைப் பற்றி முன்னறிவு தேவையில்லை, விடைகள் கட்டுரைக்குள்ளேயே உள்ளன. விவரம் கேட்கும் கேள்விகள் அதிகமாக உள்ள கட்டுரையில், கேள்வியைப் படித்துவிட்டு அதற்குரிய சொல்லைத் தேடிப் போவது பயன் தரும். ஆசிரியரின் நிலைப்பாட்டையும் உட்பொருளையும் கேட்பவற்றில் அது உதவாது, முழுதும் படித்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு பத்தியையும் படித்தவுடன் அதன் சாரத்தைப் பலகையில் மூன்று சொற்களில் எழுதி, அந்த எழுத்தையே வரைபடமாகக் கொண்டு கேள்விகளுக்குப் போகும் நடுவழியைப் பரிந்துரைக்கிறேன். ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாதவர்கள் தயாரிப்பின் முதல் நாளிலிருந்தே தினமும் ஓர் அறிவியல் கட்டுரையைத் திரையில், அச்செடுக்காமல், படிக்க வேண்டும். காகிதத்தில் படிப்பதற்கும் திரையில் உருட்டிப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு தேர்வின் நான்காவது மணி நேரத்தில் நன்றாகத் தெரியும்.

கணிதத்தில் இயற்கணிதம், விகிதம், நிகழ்தகவு, புள்ளியியல், வாக்கியக் கணக்குகள், இரு அளவுகளை ஒப்பிடுதல், தரவு போதுமா என்று கேட்கும் கேள்விகள் ஆகியவை வருகின்றன. கடைசி வகை பலருக்குப் புதியது. ஓர் எண்ணின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு, அதன் வர்க்கம் 16 என்று முதல் கூற்றும், அதன் கனம் 64 என்று இரண்டாம் கூற்றும் கொடுக்கப்பட்டால், முதல் கூற்று மட்டும் போதாது, ஏனெனில் எண் 4 ஆகவும் இருக்கலாம், -4 ஆகவும் இருக்கலாம். இரண்டாம் கூற்று மட்டுமே போதும். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, கண்டுபிடிக்க முடியுமா என்றுதான் கேட்கிறார்கள் என்பதை மறந்தால் தேவையற்ற கணக்கில் நேரம் போகும். இந்தப் பகுதி களைப்பின் உச்சத்தில் வருவதால், வீட்டிலும் கணிதப் பயிற்சியை நாளின் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி மூன்று வாரங்கள்

இப்போது புதிய பாடங்களை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு இரண்டு முழு மாதிரித் தேர்வுகள் எழுதுங்கள். உங்கள் உண்மைத் தேர்வு காலை 8 மணிக்கு என்றால் மாதிரியும் காலை 8 மணிக்கே தொடங்க வேண்டும். தேர்வெழுதிய மறுநாள் முழுவதும் திருத்தத்துக்கே; தேர்வெழுதுவதைவிடத் திருத்துவதற்கு அதிக நேரம் ஆகவில்லை என்றால் சரியாகத் திருத்தவில்லை என்று கொள்ளுங்கள். முந்தைய தேர்வர்கள் நினைவிலிருந்து எழுதித் தரும் உண்மைக் கேள்விகளைத் தேடிப் போகாதீர்கள். தேர்வுக் கேள்விகளைப் பகிர்வதும் பெறுவதும் விதிமீறல். மதிப்பெண்ணை ரத்து செய்வதற்கு அது காரணமாகலாம், பல் மருத்துவராகும் ஒருவரின் தொடக்கம் அப்படி இருக்கவும் கூடாது. முந்தைய நாள் மதியத்தோடு படிப்பை நிறுத்தி, மையத்துக்குப் போகும் வழியை ஒருமுறை நேரில் பார்த்து வருவது நல்லது.

தேர்வு நாள்

குறித்த நேரத்துக்கு 30 நிமிடம் முன்பாக மையத்தில் இருங்கள். புகைப்படமும் கையெழுத்தும் உள்ள அரசு ஆவணத்தோடு, கையெழுத்துள்ள இன்னொரு ஆவணமும் கொண்டு செல்லுங்கள். கைப்பேசி, கைக்கடிகாரம், பணப்பை அனைத்தும் பெட்டகத்துக்குள் போய்விடும். சட்டைப் பைகளைத் திருப்பிக் காட்டச் சொல்வார்கள், உலோகச் சோதனைக் கருவியால் சோதிப்பார்கள். இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் பதற்றம் வராது. எழுதுவதற்குப் பலகைகளும் பேனாவும் தருவார்கள். பேனா சரியாக எழுதுகிறதா என்று தொடக்க விளக்கத்தின் போதே பார்த்து, இல்லையென்றால் அப்போதே மாற்றிக் கேளுங்கள்.

இயற்கை அறிவியலில் முதல் 40 கேள்விகளை 30 நிமிடத்துக்குள் கடந்துவிட்டால் வேதியியலின் 60 கேள்விகளுக்கு 60 நிமிடம் கிடைக்கும். இந்த ஒரு குறியை மட்டும் மனத்தில் வையுங்கள். விடை தெரியாத கேள்விக்கு ஏதேனும் ஒன்றைக் குறித்து, அடையாளமிட்டு நகருங்கள். புரியாத, விசித்திரமான ஒரு கேள்வி வந்தால் கலங்க வேண்டாம். மதிப்பெண் கணக்கில் சேராத சோதனைக் கேள்விகளும் இடையே கலந்திருக்கின்றன. 30 நிமிட இடைவேளையைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் லேசான உணவும் போதும்; கைப்பேசியையோ குறிப்புகளையோ இடைவேளையில் தொடாதீர்கள். இதைத் தவிர வேறு நேரத்தில் எழுந்து போனால் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும்.

மறுபடி எழுதலாமா

மதிப்பெண் எதிர்பார்த்தபடி வராவிட்டால் முடிவெடுப்பதற்கு முன் ஒரு வாரம் காத்திருங்கள். அறிக்கையில் முந்தைய முயற்சிகளின் மதிப்பெண்களும் கல்லூரிகளுக்குத் தெரியும் என்பதால், சிறு முன்னேற்றத்துக்காக மறுபடி எழுதுவது பயனில்லை. விண்ணப்பிக்கும் கல்லூரிகள் சேர்த்துக்கொண்ட மாணவர்களின் சராசரியோடு உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள். அது தெளிவாகக் கீழே இருந்து, உண்மைத் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வுகளில் நீங்கள் அதைவிட நன்றாகச் செய்திருந்தால் மறுதேர்வு நியாயமானது. மாதிரியிலும் அதே எண்தான் வந்தது என்றால், தயாரிக்கும் முறையை மாற்றாமல் நாளை மட்டும் மாற்றுவதால் எதுவும் மாறாது. அப்போது பிழை நோட்டைத் திறந்து, மூன்று வகைகளில் எதில் அதிகம் வரிகள் இருக்கின்றன என்று எண்ணி, அந்த வகைக்குரிய வேலையிலிருந்து அடுத்த 60 நாட்களைத் தொடங்குங்கள்.